அப்பப்பாவின் சைக்கிள் படம்: பின்னால் நிற்கும் சனத்தைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பப்பா கொழும்பில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர். அவருடைய றங்குப்பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு படமும் ஒரு சின்ன வெள்ளி மெடலும் கிடைத்தன. படத்தில் அவர் புல்தரையில் சைக்கிள் ஓட்டுகிறார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய சனம். பின்புறத்தில் பென்சிலால் “கொழும்பு பார்க், முதலாம் இடம்” என்று எழுதியிருக்கிறது, வருடம் இல்லை. விக்டோரியா பார்க்கில் தேசாதிபதி கையால் வாங்கிய மெடல் என்று அப்பா சொல்வார். 1930களில் நடந்தது என்கிறார் பெரியப்பா. சுதந்திரத்துக்குப் பிறகுதான் என்கிறார் மாமி. கனடாவிலுள்ள மச்சான் “இலங்கையின் முதல் தமிழ் சைக்கிள் சம்பியன்” என்று பேஸ்புக்கில் போட்டும் விட்டார். குடும்ப ஒன்றுகூடலுக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஒரு சைக்கிள் போட்டிக்கு உண்மையிலேயே இவ்வளவு சனம் வந்ததா? இடத்தையும் காலத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கேன் இணைத்திருக்கிறேன். (ஒரு பேத்தி, வெள்ளவத்தை)

பதில்:

மச்சானுக்கு இன்றே கோல் எடுத்து அந்தப் பதிவை அகற்றச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம். “முதல் சம்பியன்” என்று ஒருமுறை பரவிவிட்டால், பிறகு நீங்கள் எந்தப் பத்திரிகைத் துண்டைக் காட்டினாலும் எடுபடாது. பழைய படங்களையும் தாள்களையும் ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில். குடும்பங்களுக்குள் காணிக்கு அடுத்தபடியாகச் சண்டை வருவது யார் முதல் என்பதில்தான்.

சரி, லேசான கேள்விக்கு முதலில் வருகிறேன். சனம் வந்தது, தாராளமாகவே வந்தது. சைக்கிள் பந்தயம் தொடங்கியதே ஒரு பூங்காவில்தான் என்று சொல்வது வழக்கம். 1868 மே 31ஆம் திகதி, பாரிஸுக்குப் பக்கத்தில் சென் குளூ பூங்காவில் 1,200 மீற்றர் பந்தயம் நடந்தது. அன்று வென்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மூர், சிறு வயதிலிருந்தே பாரிஸில் வாழ்ந்த ஆங்கிலேயர். அதற்கு முன்பும் அங்குமிங்கும் யாரோ ஓட்டிப் பார்த்திருப்பார்கள், அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பூங்காவைத் தெரிவு செய்ததற்குக் காரணம் விளங்குகிறது. தெருவில் ஓடும் பந்தயத்தில் பார்வையாளனுக்குக் கிடைப்பது ஒரு கண் சிமிட்டும் நேரம்: தூசி வரும், நாலு பேர் போவார்கள், முடிந்தது. பூங்காவில் வட்டமாக ஓடவிட்டால் நின்ற இடத்திலேயே எல்லாச் சுற்றையும் பார்க்கலாம். குதிரை வண்டி குறுக்கே வராது. கயிறு கட்டலாம். கயிறு கட்டினால் காசும் வாங்கலாம்.

இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்துப் பிரெஸ்டன் பார்க்கில் 1877இல் வெட்டிய சைக்கிள் தடத்தில் இன்றும் போட்டி நடக்கிறது. அது ஒழுங்கான நீள்வட்டம் கூட இல்லை. நாலு நேர்ப்பகுதிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், ஒரு சுற்று 579 மீற்றர். பாரிஸின் வன்சென் பூங்காத் தடத்தில்தான் 1900ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் சைக்கிள் போட்டிகள் நடந்தன. 1968 முதல் 1974 வரை டூர் டி பிரான்ஸ் என்ற நெடுந்தூரச் சைக்கிள் போட்டி முடிந்த இடமும் அதுவே. லண்டனில் கிறிஸ்டல் பலஸ் பூங்காவில் சைக்கிள் தடமும் இருந்தது, 1895 முதல் 1914 வரை எப்.ஏ. கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டமும் அங்கேதான் நடந்தது. பற்றர்ஸி பார்க் கதை வேறு மாதிரி. 1890களின் நடுவில் லண்டன் பணக்காரப் பெண்கள் காலையில் அங்கே சைக்கிள் ஓட வருவார்கள். அவர்களைப் பார்க்க வேறொரு கூட்டம் வரும். போட்டி கிடையாது, வெறும் வேடிக்கைதான்.

ஆகவே அப்பப்பாவின் பின்னால் நிற்கும் சனம் அதிசயமில்லை. அந்தச் சனத்திடம்தான் உங்கள் மற்றக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. எல்லோரும் சைக்கிளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். நீங்கள் அதை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போங்கள்.

ஏனென்றால் சைக்கிள் வருடம் சொல்லாது. 1885இல் ஜே.கே. ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தில் ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். 1888இல் டன்லொப் காற்றடைத்த டயரைச் செய்தார். அடுத்த வருடமே பெல்பாஸ்டில் அந்த டயர் போட்ட ஒருவர் பந்தயங்களை அள்ளிக்கொண்டு போனார். அதோடு சைக்கிளின் உருவம் நிலைத்துவிட்டது. அப்பப்பா ஓட்டுவதில் பிரேக் இல்லை, மட்காட் இல்லை, ஹாண்டில் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. இது தடத்தில் ஓடுவதற்கென்று வைத்த சைக்கிள், கந்தோருக்குப் போய்வந்த றலி இல்லை, அவ்வளவுதான் தெரிகிறது. இதே மாதிரிச் சைக்கிளை 1910இலும் காணலாம், 1960இலும் காணலாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இலங்கைக்காகச் சைக்கிள் ஓட்டிய மொரிஸ் குமாரவேலின் காலத்துப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும், சைக்கிளை மட்டும் கொண்டு வித்தியாசம் சொல்வது கடினம்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் சைக்கிள் உதவும். படம் புரட்டி அச்சிடப்பட்டதா என்று அது சொல்லும். சைக்கிளில் செயின் எப்போதும் வலப்பக்கம். உங்கள் படத்தில் அப்பப்பா இடப்பக்கமாகப் போகிறார், செயின் மறுபக்கத்தில் மறைந்திருக்கிறது, இடுப்புத் துணியில் உள்ள 4 என்ற இலக்கமும் நேராகத் தெரிகிறது. ஆகவே படம் சரியான பக்கம்தான். இனி இதைக் கவனியுங்கள். தடப் போட்டி இடஞ்சுழியாக ஓடும், ஓடுபவரின் இடத்தோள் மைதானத்தின் உட்பக்கம் இருக்கும். அவருடைய இடப்பக்கமும், அவருக்கு முதுகுப்புறமாகச் சனமும் தெரிகிறதென்றால், படம் பிடித்தவர் வட்டத்துக்கு உள்ளே நிற்கிறார். கயிற்றைத் தாண்டி உள்ளே போகக் கண்டவன் நிண்டவனை விடமாட்டார்கள். ஏற்பாட்டாளர்கள் கூப்பிட்ட ஸ்டூடியோக்காரராகவோ பத்திரிகைக்காரராகவோ இருக்க வேண்டும். படத்தை ஒட்டியிருக்கும் மட்டையின் கீழ் மூலையைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டூடியோக்கள் பெயரை மையில்லாமல் அழுத்திப் பதிப்பதுண்டு, நேராகப் பார்த்தால் தெரியாது. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற பெயர் ஏதாவது அகப்பட்டால், இது விளையாட்டுக்குச் சும்மா எடுத்த படமில்லை என்பது உறுதியாகும், தேடலும் பாதியாகக் குறையும்.

இப்போது சனம். உங்கள் ஸ்கேன் சின்னது, அதிலேயே சில விஷயங்கள் தெரிகின்றன. கயிற்றோடு ஒட்டி நிற்பவர்களில் பாதிப்பேர் தொப்பி போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரின் தலையில் வெயிலுக்குப் போடும் வெள்ளைச் சோலாத் தொப்பி. வேட்டிக்கு மேல் கோட் போட்டவர் ஒருவர் குடை பிடித்திருக்கிறார். பெண்கள் கயிற்றருகே யாருமில்லை, பின்னால் கூடாரத்துக்குள் கதிரையில் வெள்ளையாகத் தெரிவது சேலையாகவோ கவுனாகவோ இருக்கலாம். வலப்பக்க ஓரத்தில் மரத்தில் இரண்டு பெடியன்கள் தொங்குகிறார்கள். டிக்கட் எடுக்காத பார்வையாளர்கள் எந்த ஊரிலும் மரத்தில்தான் இருப்பார்கள். சோலாத் தொப்பி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேகமாகக் குறைந்தது. அது பெரியப்பாவின் பக்கத்துக்கு ஒரு சாட்சி, ஆனால் பலமான சாட்சியில்லை. பழைய தொப்பியை 1950களிலும் போட்டுத் திரிந்த பெரியவர்கள் இருந்தார்கள்.

பலமான சாட்சி கூடாரத்துக்கு மேலே இருக்கிறது. கம்பத்தில் ஒரு கொடி சுருண்டு கிடக்கிறது. 600 டிபிஐக்குக் குறையாமல், முடிந்தால் 1200இல், அந்த மூலையை மட்டும் மறுபடி ஸ்கேன் எடுங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரிந்தால் பிரித்தானியக் கொடி. சிங்கத்தின் கால் ஒன்று தெரிந்தாலே போதும், படம் 1948க்குப் பிந்தியது. சிங்கத்துக்குப் பக்கத்தில் நெடுக்காக இரண்டு பட்டைகளும் இருந்தால் இன்னும் பிந்தும். தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் அந்தப் பட்டைகள் 1951இல்தான் சேர்க்கப்பட்டன. பெரியப்பாவுக்கும் மாமிக்கும் உள்ள வழக்கு அந்த ஒரு அங்குலத் துணியில் தீரக்கூடும்.

தேசாதிபதி கதைக்கும் இதே சோதனைதான். 1933 முதல் 1937 வரை தேசாதிபதி, அதாவது பிரித்தானிய ஆளுநர், ஸ்ரப்ஸ், அதற்குப் பிறகு 1944 வரை கல்டிகொட். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர்கள் மகாதேசாதிபதிகள். வீட்டில் கதை சொல்லும்போது “மகா” கழன்று போவது சாதாரணம். ஆகவே “தேசாதிபதி கையால்” என்று அப்பா சொல்வதை வைத்து 1930கள் என்று முடிவு கட்டாதீர்கள். அது மாமியின் காலத்துக்கும் பொருந்தும்.

அடுத்தது இடம். பென்சிலில் இருப்பது “பார்க்” மட்டும், “விக்டோரியா” என்பதைச் சேர்த்தது அப்பாவோ அவருக்குச் சொன்னவரோ. கொழும்பில் “பார்க்” என்ற பெயரோடு விளையாட்டு மைதானங்கள் பல உண்டு: பொரளையில் கெம்பல் பார்க், ஹவ்லொக் பார்க், பொலிஸ் பார்க், புறக்கோட்டைப் பக்கம் பிரைஸ் பார்க். எதுவென்று சொல்ல மறுபடி சனத்துக்குப் பின்னால் பாருங்கள். மரங்களின் வகை, கூரையின் வடிவம், தூரத்தில் ஏதாவது கோபுரம். விக்டோரியா பார்க், அதாவது இன்றைய விகாரமகாதேவி பூங்கா, இரண்டாம் உலகப் போரில் இராணுவ முகாமாகியது. அவுஸ்திரேலியப் படைப்பிரிவு ஒன்று அங்கே இருந்தது. 1951இல்தான் அது மறுபடி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆகவே போர்க்காலத்தையும் அதையடுத்த சில வருடங்களையும் அந்த இடத்துக்குத் தாராளமாக வெட்டிவிடலாம்.

கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடலையும் மறந்துவிடாதீர்கள். கொழும்பில் வேடிக்கை பார்ப்பது எப்படி ஒரு பழக்கமாகியது என்று எழுத விரும்பினால் உங்கள் கட்டுரைக்கு அங்கேதான் சதை இருக்கிறது. முதலில் குதிரைகள் ஓடியது காலி முகத்திடலில். தேசாதிபதி ஹென்றி வார்ட் அங்கே கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணும்படி தனக்குப் பின்வருவோரைக் கேட்டுக்கொண்ட கல்வெட்டு இன்றும் நிற்கிறது. 1880இல் றோயல் கல்லூரியும் சென். தோமஸும் மோதிய முதல் கிரிக்கெட் ஆட்டமும் அங்கேதான், இன்று தாஜ் சமுத்ரா ஹோட்டல் நிற்கும் பக்கம். குதிரைகள் 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு மாறின. அதோடு பார்ப்பவர்களும் பிரிக்கப்பட்டார்கள். கூரையுள்ள ஸ்டாண்டில் இருப்பவர்கள் யார், வெயிலில் நிற்பவர்கள் யார் என்பது முன்கூட்டியே முடிவானது. காலி முகத்தில் எவனும் எங்கேயும் நிற்கலாம், இங்கே நிற்கும் இடத்துக்கு விலை. உங்கள் படத்தில் கூடாரம், கயிறு, மரம் என்று மூன்று வகைப் பார்வையாளர் தெரிகிறார்களே, அது இந்தப் பழக்கத்தின் சின்னப் பதிப்பு. அப்பப்பாவின் கந்தோர் நண்பர்கள் கயிற்றடியில் நின்றிருப்பார்கள், துரைமார் கூடாரத்துக்குள். என்னைக் கேட்டால், கட்டுரையில் மெடலைவிட இதற்கு அதிக இடம் கொடுப்பேன்.

அந்தத் திடல் 1942இல் விமான ஓடுபாதையாகியது. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது, அவர்கள் அறியாத இந்த ஓடுபாதையிலிருந்து பிரித்தானிய ஹரிக்கேன் போர்விமானங்கள் எழும்பின. போருக்குப் பிறகு குதிரைகள் திரும்பி வந்தன, 1956இல் பந்தயம் நிறுத்தப்பட்டது. இப்போது அங்கே றக்பி ஆடுகிறார்கள், பழைய ஸ்டாண்டில் கடைகள். உங்கள் படத்தில் கயிற்றுக்குப் பின்னால் தொடர்ச்சியான வெள்ளைக் கம்பி வேலி எங்காவது தெரிந்தால் இந்தத் திடலை முதலில் சந்தேகியுங்கள்.

மாமியின் கட்சி வென்று படம் 1948ஐ ஒட்டி வந்தால், தமிழ் யூனியன் கழகத்தின் ஓவல் மைதானத்தையும் பட்டியலில் சேருங்கள். 1899இல் தொடங்கிய கழகம் அது, மைதானத்துக்கு இன்று பி. சரவணமுத்துவின் பெயர். 1948 மார்ச்சில் பிரட்மனின் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் அங்கே ஒருநாள் ஆடியது. சனம் நிரம்பி வழிந்தது. ஆட்டத்தின் நடுவில் அளந்து பார்த்தால் பிட்சின் நீளம் விதிப்படியான 22 யார் (கஜம்) இல்லை, 20 யார்! கிளாக்கர்மாருக்குப் பல வருடம் இடைவேளைப் பேச்சுக்கு அது போதுமாயிருந்திருக்கும். பெரியப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அப்பப்பா அன்று போனாரா என்று. அப்படியான ஒரு கேள்வி மற்ற ஞாபகங்களையும் இழுத்துக்கொண்டு வரும்.

மெடலைத் துலக்க வேண்டாம். பிராசோ போன்ற உலோகப் பொலிஷ் கூடவே கூடாது. பூதக்கண்ணாடியால் ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். நங்கூரமும் நடக்கும் சிங்கமும் ஒரு தனி எழுத்தும் வரிசையாக இருந்தால், அது இங்கிலாந்தின் பேர்மிங்காமில் சோதித்த அசல் வெள்ளி. அந்தத் தனி எழுத்து வருடா வருடம் மாறும், அதற்கான அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எழுத்தின் உருவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும், ஒரே எழுத்து வேறு வேறு காலத்திலும் வரும். அரசரும் அரசியுமாக இரண்டு தலை உள்ள முத்திரை கூடவே இருந்தால் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் 1935 வெள்ளிவிழாவை ஒட்டியது. “ஈ.பி.என்.எஸ்.” என்று இருந்தால் வெள்ளி முலாம், வருடம் கிடைக்காது. ஒன்றை மறக்க வேண்டாம். முத்திரை சொல்வது மெடல் சோதிக்கப்பட்ட வருடத்தை. கப்பலில் வந்து, கடை அலுமாரியில் இரண்டு மூன்று வருடம் இருந்து, பிறகு பெயர் வெட்டிக் கொடுத்திருக்கலாம். போட்டி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம்.

இத்தனையும் செய்தால் உங்கள் கையில் ஐந்தாறு வருட இடைவெளி ஒன்று இருக்கும். அதோடு தேசிய சுவடிக்கூடத்துக்குப் போங்கள். அது கொழும்பு 7இல், பழைய ரீட் அவெனியூவில், அந்தக் குதிரைத் திடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு போங்கள். பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் பைத்தியம் பிடிக்கும். விளையாட்டுவிழா சனிக்கிழமைகளில் நடந்தால் திங்கட்கிழமைப் பத்திரிகையில் வரும், அதை மட்டும் பாருங்கள். கொடி பிரித்தானியக் கொடியென்றால் 1935 மே 6 வெள்ளிவிழா, 1937 மே 12 ஆறாம் ஜோர்ஜின் முடிசூட்டுவிழா, இந்த இரண்டையும் சுற்றிய வாரங்களை முதலில் எடுங்கள். இப்படியான நாட்களில் தேசாதிபதி பரிசு கொடுப்பார், சனமும் கூடும். ஆங்கிலப் பத்திரிகைகளில் முடிவுகள் பொடி எழுத்தில் பெயரோடு வரும். பெயரை எப்படியெல்லாம் பிழையாக எழுதியிருப்பார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு போங்கள். முதலெழுத்து மாறும், “பிள்ளை” கழரும், சிவம் சிவன் ஆவார். தமிழில் வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் உண்டு. இரண்டாவதாக பெர்குசன் டிரெக்டரி. வருடாவருடம் வந்தது, எந்தக் கழகம் எங்கே இருந்தது என்று அதில் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடி தேட ‘நூலகம்’ என்ற இணையத்தளம் இருக்கிறது. பழைய பாடசாலை மலர்களில் “எமது பழைய மாணவர்” என்ற பகுதியில் இப்படியானவர்கள் அகப்படுவார்கள். அப்பப்பா படித்த ஊர்ப் பாடசாலையின் மலரைத் தேடுங்கள்.

கட்டுரையில் எப்படி எழுதுவது? இப்போது தெரிந்ததை வைத்துப் படத்தின் கீழ் இப்படிப் போடலாம்: “அப்பப்பா, கொழும்பு மைதானமொன்றில் நடந்த சைக்கிள் போட்டியில். படத்தின் பின்னால் பென்சிலில் ‘கொழும்பு பார்க், முதலாம் இடம்’ என்றுள்ளது. விக்டோரியா பார்க் என்றும் தேசாதிபதி பரிசளித்தார் என்றும் குடும்பத்தில் சொல்வார்கள்.” கொடி தெளிந்தால் வருடத்தைச் சேருங்கள். பத்திரிகை அகப்பட்டால் முழுவதையும் மாற்றுங்கள். மச்சான் இதைப் பகிர்ந்தால் எனக்கு ஆட்சேபணையில்லை.

படத்தை லமினேட் பண்ண வேண்டாம். வெள்ளவத்தைக் கடற்காற்றில் பிளாஸ்டிக் அல்பத்துக்குள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்கும்போது முகம் போய்விடும். அமிலமற்ற காகித உறையில் போட்டு, சுவரோரம் இல்லாத அலுமாரியில் வையுங்கள். உறையில் எழுத வேண்டியதைப் படத்தை உள்ளே வைக்க முதல் எழுதிவிடுங்கள். கொடி மூலையின் ஸ்கேனும் மெடல் ஓரத்தின் படமும் கிடைத்ததும் அனுப்புங்கள், முத்திரையை நான் பார்த்துச் சொல்கிறேன்.